தென்காசி சாலையில் இரண்டு செட் டயர்கள்

என் சின்ன காரோடு வந்தவை 185/65 ஆர்15 டயர்கள்; அதாவது அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 65 சதவீதம், ரிம் 15 அங்குலம். அவை தேய்ந்ததும் ஆசைப்பட்டு 16 அங்குல அலாய் சக்கரமும் 195/55 ஸ்போர்ட்ஸ் டயரும் மாட்டினேன். மொத்த விட்டம் ஏறத்தாழ அதேதான். ஸ்பீடாமீட்டர் பொய் சொல்லாது. ஆனால் ரிம்முக்கும் தரைக்கும் நடுவிலுள்ள ரப்பரின் உயரம் 120 மில்லிமீட்டரிலிருந்து 107 ஆகிவிட்டது. ஒரு விரல் அகலம்கூட இல்லாத அந்த 13 மில்லிமீட்டருக்கு இரண்டு வருடம் வட்டி கட்டினேன்.

முதல் மாதம் சொர்க்கம்தான். செங்கோட்டையைத் தாண்டிப் புளியரை எஸ் வளைவில் ஏறினால், ஸ்டீயரிங்கைத் தொட்டதுமே வண்டி திரும்பியது. ஆடி மாதம் முப்பந்தல் காற்றில் கார் அலையவில்லை.

ஆனால் வாராவாரம் நான் போவது பாளையங்கோட்டையிலிருந்து தென்காசிக்கு. நான்குவழிச் சாலைக்காகக் கிளறிப் போட்டிருந்த காலம் அது. ஆலங்குளத்துக்கு முன்னால் ஒரு பள்ளத்தில் இறங்கியபோது பின்சீட்டில் அம்மாவின் மடியில் இருந்த ரசத் தூக்கு மூடியோடு எகிறியது. சேலையெல்லாம் ரசம். “ஐயா, இனிமேல் நான் பஸ்ஸில் வந்துகொள்கிறேன்” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மறுநாள் பார்த்தால், இடப்பக்க டயரின் சுவரில் எலுமிச்சை அளவு வீக்கம். உள்ளே நூலிழை அறுந்தால் வருவது அது; பஞ்சர் போல ஒட்டிச் சரிசெய்ய முடியாது. மற்ற மூன்றும் 31,000 கிலோமீட்டரில் பட்டன் (தரையில் படும் ரப்பர்க் கட்டைகள்) தேய்ந்து முடிந்தன.

பழைய 15 அங்குல ரிம்களைத் தூசி தட்டி எடுத்து, சொகுசு வகை டயர் வாங்கினேன். கடைக்காரர் முதலில் நீட்டிய டயரின் பக்கவாட்டில் கடைசி நான்கு எண்கள் 3221. அதாவது 2021-இன் 32-ஆவது வாரத்தில் செய்தது. இரண்டு வயது தாண்டிய சரக்கு. வேறு கேட்டு வாங்கினேன்.

இப்போது 38,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, பட்டன் இன்னும் இருக்கிறது. சாலை இரைச்சல் பாதியாகிவிட்டதாகவே தோன்றுகிறது. இதில் டயருக்கு எவ்வளவு, சின்ன ரிம்முக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. குற்றாலச் சாரலில் வழுக்கும் என்று பயந்தேன். அப்படி எதுவும் இல்லை. ஈரத்தில் பிடிப்பைத் தருவதில் பட்டனின் ஆழத்துக்கும் பெரிய பங்கு உண்டு. குறை, வளைவில் ஸ்டீயரிங் கொஞ்சம் யோசித்துத் திரும்புகிறது.

ஒரு முறை காற்றடிக்கும் பையன் அழுத்தத்தை 33 பிஎஸ்ஐ-க்குப் பதில் 40 வைத்துவிட்டான். சொகுசு டயரும் கல்லாகிவிட்டது. அம்மாதான் முதலில் கண்டுபிடித்தாள்: “பழைய சக்கரத்தையே மாட்டிவிட்டாயா?”

அலாய் சக்கரங்கள் மாடிப்படிக்குக் கீழே கிடக்கின்றன. இரண்டு பேர் விலை கேட்டார்கள். புளியரை வளைவை நினைத்தால் கொடுக்க மனம் வரவில்லை.