லயத்தை லாயமாக்கிய ‘முழு பேக்கேஜ்’: புத்தகம் போடப் போகிறவர்கள் கவனத்துக்கு

சொந்தக் காசில் புத்தகம் போடலாம் என்று யோசிப்பவர்கள், ஜிபேயில் முன்பணம் தட்டிவிடுவதற்கு முன்னால் இதை ஒருமுறை படித்துவிடுங்கள். எனக்குப் புத்தகம் போட்டுக் கொடுத்த நிறுவனத்தின் பெயரை எழுதவில்லை, வக்கீல் மூலம் பேசிக்கொண்டிருக்கிறோம். அவர்களுடைய இதே ‘முழு பேக்கேஜ்’ விளம்பரம் நாலைந்து பெயர்களில் என் போனுக்கே வந்துவிட்டது, அதனால் பெயர் தெரிந்தும் பெரிய பிரயோஜனம் இல்லை.

நான் கோத்தகிரி. அம்மா 1964 இந்திய-இலங்கை (சிறிமா-சாஸ்திரி) ஒப்பந்தத்தில் இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர். தலைமன்னாரில் கப்பல் ஏறி ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம், அப்புறம் இங்கே டேன்டீ என்கிற அரசுத் தேயிலைத் தோட்டம். (தாயகம் திரும்பியவர்களுக்காக 1968-இல் வனத்துறை தொடங்கியது இந்த டேன்டீ, 1976-இல்தான் கம்பெனி ஆனது. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கே இது தெரியாது, நான் எழுத உட்கார்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.) அவர் சொல்லச் சொல்ல மூன்று வருடம் எழுதி, அச்சில் 176 பக்கம் வந்தது. அம்மாவுக்கு நடை தளர்ந்துகொண்டே வருகிறது, அதற்குள் புத்தகத்தை அவர் மடியில் வைத்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே அவசரம். அந்த நிறுவனத்திலிருந்து போனில் பேசிய பெண் அந்த அவசரத்தை ஐந்து நிமிடத்தில் பிடித்துவிட்டார். “சார், படிச்சிட்டு எங்க டீமே அழுதுட்டாங்க” என்றார். நான் கோப்பை அனுப்பி இருபது நிமிடம்கூட ஆகவில்லை. அப்போதாவது உறைத்திருக்க வேண்டும்.

‘முழு பேக்கேஜ்’ 48,000 ரூபாய். பிழைதிருத்தம், அட்டை, 300 பிரதி, எல்லா ஆன்லைன் கடைகளிலும் விற்பனை, “நூறு சதவீத ராயல்டி”. பில்லில் ஐஎஸ்பிஎன் எண்ணுக்கு (புத்தகத்தின் அடையாள எண்) 3,500, காப்பிரைட்டுக்கு 6,000 என்று தனித்தனியாகப் போட்டிருந்தார்கள். பிறகு விசாரித்தால், நம் நாட்டில் ஐஎஸ்பிஎன் இலவசம், ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமையின் இணையதளத்தில் எழுத்தாளரே விண்ணப்பித்து வாங்கலாம். காப்பிரைட் பதிவுக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய், அதுவும் கட்டாயம் இல்லை, 1957 சட்டப்படி எழுதிய உடனேயே உரிமை நமக்கு வந்துவிடுகிறது. எனக்கு வாங்கிக் கொடுத்த ஐஎஸ்பிஎன்னில் பதிப்பாளர் என்று அவர்கள் பெயர்தான் இருக்கிறது. காசு கொடுத்து அவர்களைப் பதிப்பாளர் ஆக்கியிருக்கிறேன்.

அந்த நூறு சதவீத ராயல்டி கணக்கையும் கேளுங்கள். விலை 280. ஆன்லைன் கடைக் கழிவு 126, அச்சுச் செலவு 138, பேக்கிங் 12. மிச்சம் நாலு ரூபாய், அதில்தான் எனக்கு நூறு சதவீதம். கோவையில் ஒரு அச்சகத்தில் இதே அளவு, இதே 70 ஜிஎஸ்எம் தாள் என்று சொல்லி விலை கேட்டேன், 300 பிரதி என்றால் ஒன்றுக்கு 90 ரூபாய்க்குள் முடித்துத் தருவதாகச் சொன்னார்கள்.

சரி, பணம் போகட்டும்.

நவம்பரில் இங்கே பிடித்தால் விடாத மழை. அந்த ஈரத்தில்தான் வெளியீடு, லயத்துக்கு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) பக்கத்துக் கோயில் மண்டபத்தில். முதல் பிரதி வாங்கிய பெரியவர் நடுவில் பிரித்தார், ஐந்தாறு தாள் கையோடு வந்தது. வெறும் பசை பைண்டிங், மலைக் குளிருக்குத் தாங்கவில்லை. அதை நாங்களே சிரித்துச் சமாளித்துவிட்டோம். அப்புறம் பக்கத்து வீட்டு அத்தை எழுத்துக்கூட்டி ஒரு பக்கத்தைச் சத்தமாக வாசித்தார்: “நாங்கள் பத்துக் குடும்பம் ஒரே லாயத்தில் இருந்தோம்.” நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். “ஏன் தம்பி, நம்மள குதிரையாக்கிட்டியே?”

‘லயம்’ என்று நான் எழுதிய இடமெல்லாம் ‘லாயம்’. 113 இடம், பிறகு எண்ணினேன். தோட்டம் பார்க்காத யாரோ, லயம் என்றால் சங்கீதத்தில் வருவது என்று நினைத்து ஒரே தட்டில் மாற்றியிருக்கிறார். ‘கணக்கப்பிள்ளை அம்மாவுக்கு அரைப் பேர் போட்டார்’ என்று எழுதியிருந்தேன், பாதி நாள் கூலி என்று அர்த்தம். அது ‘பாதிப் பேர் போட்டார்’ ஆகிவிட்டது. என் மேலும் தப்பு இருக்கிறது. கடைசி பிடிஎஃப் அனுப்பினார்கள், போனிலேயே பத்துப் பக்கம் புரட்டிவிட்டு ஓகே போட்டேன். நான் டைப் செய்து கொடுத்ததுதானே, இதில் என்ன மாறப்போகிறது என்ற நினைப்பு. நீங்கள் அப்படி விடாதீர்கள், கடைசிப் பிரதியைத் தாளில் எடுத்து வரிவரியாகப் படியுங்கள், தோட்டத்துப் பேச்சோ படுகர் பேச்சோ அதில் இருந்தால் அந்தச் சொற்களை ஒரு பட்டியலாக எழுதி, “இவற்றைத் தொடக் கூடாது” என்று முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

திருத்தி மறுபடி அச்சடிக்கலாம் என்று லேஅவுட் ஃபைலைக் கேட்டேன். அது நிறுவனத்தின் சொத்து, வேண்டுமானால் 15,000 கட்டுங்கள் என்றார்கள். மீதிப் பிரதிகளைக் கேட்டேன், கைக்கு வந்தது அறுபதுதான். ஒப்பந்தத்தில் பொடி எழுத்து ஆங்கிலத்தில் ‘300 வரை, தேவைக்கேற்ப’ என்று இருக்கிறதாம், ஆர்டர் வந்தால்தான் அடிப்பார்களாம். வேறு யாரிடமும் ஐந்து வருடம் போடக் கூடாது என்றும் அதே தாளில் இருக்கிறது. கையெழுத்து என்னுடையதேதான். ஊரில் வக்கீல் குமாஸ்தா ஒருவரிடம் காட்டியிருந்தால் ஒரு டீ செலவில் முடிந்திருக்கும்.

அறுபதில் இன்னும் 41 இருக்கிறது. தினமும் ராத்திரி, வெள்ளை மை வைத்து லாயத்தின் துணைக்காலை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருக்கிறேன். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து ஊதி ஊதிக் காய வைக்கிறார். புத்தகம் கேட்டிருப்பவர்கள் கொஞ்சம் பொறுங்கள், ஒரு பிரதிக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது.