பல்லி போட்ட நடுக்கோடு: ஸ்மார்ட் போர்டோடு மூன்று வருஷம்

தேவகோட்டையில் கணக்கு எடுக்கும் நண்பர் போன் போட்டார். "எங்க பள்ளிக்கூடத்துக்கு ஸ்மார்ட் போர்டு வாங்கித் தர்றேங்கிறாங்க. சரின்னு சொல்லவாண்ணே?" கேட்ட நேரம் சரியில்லை. சர்வீஸ்காரர் எதிரில் உட்கார்ந்து 1,200 ரூபாய்க்குப் பில் எழுதிக்கொண்டிருந்தார்.

எங்களுடையது 75 இஞ்ச். சிங்கப்பூரில் இருக்கும் பழைய மாணவர் கொடுத்தது. காரைக்குடிப் பக்கம் இது புதுசில்லை. படம், சத்தம் எல்லாம் குறையில்லை. என் எரிச்சல் தொடுதிரை மட்டும்தான். திரையின் விளிம்புச் சட்டத்தைச் சுற்றி அகச்சிவப்புக் கதிர் ஓடுகிறது. குறுக்கே எது வந்தாலும் அதற்கு விரல்தான். பக்கத்திலேயே கரும்பலகை. சாக்பீஸ் தூள் கீழ்ச்சட்டத்தில் படிந்தால் யாரும் தொடாமலே கோடு விழும். ஒருநாள் முக்கோணத்துக்குள் பல்லி ஓடியது, பின்னாலேயே நீலக்கோடு. "சார், நடுக்கோட்டைப் பல்லியே போட்டுருச்சு!" அதற்கப்புறம் எங்கே பாடம் நடத்துவது?

மூன்று மணிக்கு மேல் இன்னும் மோசம். வகுப்பு நடப்பது பழைய செட்டியார் வீட்டில். மேற்கே வண்ணக் கண்ணாடி ஜன்னல், வருகிறவர்கள் எல்லாம் போட்டோ எடுப்பார்கள். வெயில் அது வழியாகச் சட்டத்தில் இறங்கினால் பேனா ஓரிடம், எழுத்து ஓரிடம். கடைசிப் பீரியடுக்கு என் பழைய வேட்டிதான் திரைச்சீலை.

இருந்தாலும் போர்டில் ஓடும் ஜியோஜீப்ராவை, வரைபடமும் வடிவமும் போட்டுக்காட்டும் கணக்கு மென்பொருளை, சொல்லாவிட்டால் பாவம். காசில்லை, ஒருமுறை ஏற்றிவிட்டால் நெட்டும் வேண்டாம். பத்தாம் வகுப்பு வரைபடம் 8 மார்க். பதினைந்து வருஷமாக அட்டவணை போடு, புள்ளி வை, பரவளையம் வரை என்றே ஓட்டினேன். இப்போது எக்ஸ் ஸ்கொயர் மைனஸ் 4 எக்ஸ் பிளஸ் சி என்று போட்டு, சி-க்கு ஸ்லைடர் வைக்கிறேன். 3-ல் வைத்தால் வளைவு அச்சை 1-லும் 3-லும் வெட்டும். 4-ல் தொட்டுக்கொண்டு நிற்கும். 5-ல் அந்தரத்தில் தொங்கும். அச்சை எத்தனை இடத்தில் வெட்டும் என்று சொல்லும் தன்மைகாட்டி கண்ணுக்குத் தெரிகிறது!

ஆத்தங்குடியிலிருந்து வரும் பிள்ளை ஒருத்தி, அப்பா டைல்ஸ் பட்டறையில் வேலை, எழுந்து வந்து விரலால் 3.99-க்கு இழுத்தாள். வெட்டும் இடம் 1.9, 2.1. "ரெண்டும் கிட்டக் கிட்ட வருது சார். அப்ப 4-லயும் ரெண்டுதானே, ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கு?" சம மூலங்கள் என்று வருஷாவருஷம் எழுதிப்போட்டும் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை.

நண்பரிடம் வேண்டாம் என்றுதான் சொன்னேன். லேப்டாப்பும் புரொஜக்டரும் கேளுங்கள், ஜியோஜீப்ரா அதிலும் ஓடும். மீறிக் கொடுத்தால், வெயில் படாத சுவராகப் பார்த்து மாட்டுங்கள். சாக்பீஸை அந்த அறைக்குள்ளேயே விடாதீர்கள். திங்கட்கிழமை தோறும் கீழ்ச்சட்டத்தைக் காய்ந்த துணியால் துடையுங்கள். சர்வீஸ்காரர் 1,200 ரூபாய்க்குச் செய்தது அதைத்தான்.