சால்வடோரில் வெளியே சாப்பிடுவது: கடையைவிட நேரம் முக்கியம்

பிரேசிலின் வடகிழக்குக் கடற்கரையில் இருக்கும் சால்வடோருக்குப் புதிதாக வருகிறவர்கள், "எந்த உணவகம் நன்றாக இருக்கும்?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பல ஆண்டுகளாக இந்த ஊரில் வாழ்கிறேன், வாரத்தில் பாதி நாள் வெளியில்தான் சாப்பாடு. நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பது, என்றைக்கு, எத்தனை மணிக்குச் சாப்பிடப் போகிறீர்கள் என்பது. அது தெரிந்தால்தான் இடம் சொல்ல முடியும். மதியத்துக்குப் போகிற இடம் வேறு, பொழுது சாய்ந்தபின் போகிற இடம் வேறு. வெள்ளிக்கிழமையின் கணக்கு முற்றிலும் தனி. நேரம் தவறிப் போனால், பேர்பெற்ற கடையிலும் ஆறிப்போன சாப்பாடுதான் தட்டுக்கு வரும்.

இங்கே மதியச் சாப்பாடுதான் நாளின் பெரிய சாப்பாடு. அதற்கு நான் நம்பிப் போவது எடைக்கு விற்கும் உணவகங்களுக்கு. தட்டை எடுத்து, விரும்பியதை நாமே பரிமாறிக்கொண்டு, தராசில் வைக்க வேண்டும். தட்டின் எடையைக் கழித்துச் சீட்டில் குறித்துத் தருவார்கள். பழச்சாறும் காப்பியும் அதே சீட்டில் ஏறும். வெளியேறும்போது மொத்தமாகப் பணம் கட்டலாம். அலுவலகங்கள் இருக்கும் எல்லாப் பகுதிகளிலும் இப்படிக் கடைகள் உண்டு. பெயர் பெரிதாகத் தெரியாத கடைகளில்தான் சமையல் வீட்டுப் பக்குவத்தில் இருக்கிறது. பன்னிரண்டு மணியை ஒட்டிப் போய்விடுங்கள். அப்போது பாத்திரங்கள் நிறைந்திருக்கும், பொரித்த மரவள்ளிக்கிழங்கு மொறுமொறுப்பாக இருக்கும். இரண்டு மணிக்குமேல் போனால் அதே கிழங்கு தோல்போல இழுபடும், மீன் உலர்ந்திருக்கும், விலை மட்டும் குறைந்திருக்காது. தட்டை எடுப்பதற்குமுன் வெறுங்கையோடு ஒருமுறை முழு வரிசையையும் பார்த்துவிடுவது நல்லது. நல்ல பண்டங்கள் பெரும்பாலும் கடைசியில் இருக்கும். முதலிலேயே சோற்றையும் பீன்ஸையும் அள்ளிக்கொண்டால் எடை ஏறிவிடும்.

சைவர்களுக்கு இந்த முறை மிகவும் கைகொடுக்கும். கண்ணால் பார்த்து எடுக்கலாம். பரங்கிக்காய், கீரை, வறுத்த வாழைப்பழம், மரவள்ளி என்று வயிறு நிறையும் அளவுக்குக் கிடைக்கும். ஆனால் பீன்ஸ் குழம்பில் உப்பிட்டு உலர்த்திய மாட்டிறைச்சியோ பன்றித் தொத்திறைச்சியோ சேர்ந்திருப்பது சாதாரணம், கேட்டுவிட்டு எடுங்கள். சால்வடோர் இருக்கும் பாயீயா மாநிலத்துக்கே உரிய பண்டங்களில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். வத்தபா என்ற மஞ்சள் நிறக் கூழைப் பார்த்தால் ரொட்டியும் தேங்காய்ப்பாலும் வேர்க்கடலையும்தான் தெரியும். உலர்ந்த இறாலை அரைத்து அதில் கலந்திருப்பார்கள். வெண்டைக்காயில் செய்யும் கருருவிலும் அதே இறால் உண்டு. "இறால் போடாதீர்கள்" என்று பரிமாறும்போது சொல்வதால் பயனில்லை. அது சமையலின் தொடக்கத்திலேயே சேர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஊரே வேறு மணம் வீசும். ஆப்பிரிக்க வேர் கொண்ட கந்தோம்ப்ளே சமயத்தில் ஒஷலா தெய்வத்துக்கு உரிய நாள் அது. அந்தச் சமயத்தைச் சேராதவர்களும் வெள்ளை உடுத்துகிறார்கள், மதியத்தில் தெந்தே எண்ணெயில் சமைத்ததைச் சாப்பிடுகிறார்கள். தெந்தே என்பது செம்பனைப் பழத்தின் சதையில் இருந்து எடுக்கும் எண்ணெய். நம் நியாயவிலைக் கடைகளில் கிடைக்கும் பாமாயிலும் அதே மரத்துச் சரக்குதான் என்றாலும், அது நிறமும் மணமும் நீக்கப்பட்டது. இங்கே சிவப்பும் மணமும் அப்படியே இருக்கும். வேறு நாள்களில் சோறும் வறுத்த கோழியுமாக இருக்கும் எடைக்கடைகள்கூட, வெள்ளியன்று வத்தபா, கருரு, முந்திரியும் கடலையும் அரைத்துச் சேர்த்த ஷின்ஷின் கோழி என்று மாறிவிடும். ஊருக்கு வந்திருப்பது நான்கே நாள் என்றாலும், அதில் ஒரு வெள்ளிக்கிழமை வரும்படி பயணத்தை வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

இனி அக்கராஜே. காராமணியை ஊறவைத்துத் தோல் நீக்கி, வெங்காயத்தோடு அரைத்து, மரக்கரண்டியால் காற்றேற அடித்து, கொதிக்கும் தெந்தேயில் பொரிப்பது. மாவின் பக்குவம் மெதுவடைக்கு உறவு. அளவு மட்டும் கைகொள்ளாதது. வெந்ததை நடுவே பிளந்து வத்தபா, கருரு, தக்காளிப் பச்சடி, முழு இறால் எல்லாவற்றையும் அடைத்துத் தருவார்கள். மிளகாய் வேண்டுமா என்று கேட்பார்கள். தமிழ் நாக்குக்கு அந்த மலகெத்தா மிளகாய் அச்சம் தராது, தயங்காமல் வாங்கிக்கொள்ளலாம்.

இதை விற்பவர்கள் பாயானாக்கள். வெண்சரிகைப் பாவாடை, தலைக்கட்டு, கழுத்தில் தம் தெய்வத்துக்குரிய நிறத்தில் மணிமாலைகள். மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட பெண்களோடு இந்தத் தொழில் இங்கே வந்தது. தட்டைத் தலையில் சுமந்து தெருத்தெருவாக விற்று, அந்தக் காசில் தம் விடுதலையை வாங்கிக்கொண்ட பெண்கள் இருந்திருக்கிறார்கள். அக்கராஜே இன்றும் காற்றுக்கும் புயலுக்கும் உரிய இயன்சா தெய்வத்துக்குப் படைக்கும் பண்டம். பிரேசில் அரசின் பாரம்பரியக் காப்பு நிறுவனம் 2005-ல் பாயானாக்களின் தொழிலை நாட்டின் பண்பாட்டுச் சொத்தாகப் பதிவு செய்தது. அப்படியிருந்தும் 2014 கால்பந்து உலகக் கோப்பைக்கு முன், இந்த ஊரின் ஃபோன்ச்சி நோவா மைதானத்தில் அவர்கள் விற்க முடியாத நிலை வந்தது. பாயானாக்களின் சங்கம் போராடி இடம் பெற்றது. அந்த மைதானத்தில் இவர்களின் தட்டு இல்லாமல் ஒரு பந்தாட்டமா? இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது.

ரியோ வெர்மேல்யோ பகுதியில் இதற்குப் பேர்பெற்ற இடங்கள் அருகருகே இருக்கின்றன. சாந்தானா சதுக்கத்தில் தின்யாவின் கடை, மரிக்கித்தா சதுக்கத்தில் சிராவின் கடை. இருவரும் காலமாகிவிட்டார்கள், தட்டுகள் அவர்கள் பெயரிலேயே தொடர்கின்றன. எது சிறந்தது என்பது இந்த ஊரில் குடும்பங்களைப் பிரிக்கும் வழக்கு. என் தீர்ப்பு சிராவுக்குத்தான், ஓடு மெல்லியதாகவும் உள்ளே பஞ்சாகவும் இருப்பதால். ஆனால் பெயரைப் பார்த்து மட்டும் போக வேண்டியதில்லை. மாலை நான்கைந்து மணிக்குமேல் எந்தச் சந்தியிலும் ஒரு பாயானா அமர்ந்திருப்பார். எண்ணெயைப் பாருங்கள். செங்காவி நிறத்தில் தெளிவாக இருந்தால் நம்பலாம். கறுத்து, கரிந்த வாடை வந்தால் நகர்ந்துவிடுங்கள். பொரித்ததைக் குவித்து வைத்திருக்கிறாரா, கேட்டபின் மாவை எண்ணெயில் விடுகிறாரா என்பதும் முக்கியம். வரிசை நீளமாக இருக்கும் தட்டில் பண்டம் ஆறுவதற்கு நேரமே இருக்காது.

அதே தட்டில் அபாராவும் இருக்கும். அதே காராமணி மாவை வாழையிலையில் கட்டி ஆவியில் வேகவைப்பது. எண்ணெய்ப் பொரியல் இல்லையே என்று சைவர்கள் இதைத் தேர்ந்துகொள்கிறார்கள், ஆனால் இதன் மாவிலேயே இறாலும் தெந்தேயும் கலந்திருக்கும். அக்கராஜேயின் மாவில் பயறு, வெங்காயம், உப்பு மட்டும்தான். அடைப்பு எதுவும் இல்லாமல், தக்காளிப் பச்சடியோடு கேட்டால் தருவார்கள். முதல்நாள் ஒன்றோடு நிறுத்துங்கள். பழகாத வயிற்றுக்குத் தெந்தே கனமானது.

மொக்கேக்காவுக்குப் பொறுமை வேண்டும். மீன், வெங்காயம், தக்காளி, குடைமிளகாய், கொத்துமல்லியை மண்சட்டியில் அடுக்கி, தேங்காய்ப்பாலும் தெந்தேயும் ஊற்றி வேகவைப்பார்கள். சட்டி கொதித்துக்கொண்டே மேசைக்கு வரவேண்டும். சோறு, மீன் சாற்றில் மரவள்ளி மாவைக் கிளறிய பிரான், தெந்தேயில் வறுத்த மாவு ஆகியவை கூடவே வரும். ஒரு சட்டி இருவருக்கு என்பதே பொதுவான கணக்கு, தனியாகப் போகிறவர்கள் முதலிலேயே கேட்டுவிடுவது நல்லது. விலை ஏறிய மீன்களைவிடத் திருக்கை மொக்கேக்கா எனக்குப் பிடித்தது. சதை குழம்பை உறிஞ்சிக்கொள்கிறது. பழைய நகரின் சுற்றுலாத் தெருவில் ஒரு கடையில் எனக்குக் கிடைத்தது தேங்காய்ப்பால் நீர்த்த, மணமில்லாத, வெதுவெதுப்பான ஒரு சட்டி. தட்டில் பாதி மீதமிருக்கும்போதே அடுத்த கூட்டத்துக்கு மேசையைத் துடைக்க வந்துவிட்டார்கள். வாசலில் நின்று கையைப் பிடித்து உள்ளே அழைக்கும் இடங்களை அதற்குப்பின் நான் தவிர்த்துவிடுகிறேன்.

பழைய நகரிலேயே சாப்பிட வேண்டுமென்றால் பெலோரின்யோவில் செனாக் தொழிற்பயிற்சி நிறுவனத்தின் உணவகத்துக்குப் போங்கள். மாணவர்கள் சமைத்துப் பரிமாறுகிறார்கள். பாயீயாவின் பண்டங்கள் பலவற்றை ஒரே மதியத்தில் சிறிது சிறிதாகச் சுவைக்க அதுபோல வசதியான இடம் இல்லை. இரண்டு மூன்று மொக்கேக்காக்கள் சாப்பிட்டுப் பழகியபின் கபுலா பகுதியில் உள்ள பராயீசோ த்ரோப்பிகலுக்குப் போகலாம். பெத்தோ பிமென்டல் பெயர் வாங்கித் தந்த அந்த உணவகத்தின் சிறப்பு, எண்ணெய்க்குப் பதில் செம்பனைப் பழத்தின் சதையையே சமையலில் சேர்ப்பது. சட்டி லேசாக இருக்கும், சாப்பிட்டபின் உறக்கம் தள்ளாது. கடற்கரையில் இருந்து தொலைவு, போக்குவரத்து நெரிசலும் உண்டு. எனக்கு அந்தத் தொலைவு பொருட்டல்ல.

ஞாயிறு இரவில் பல உணவகங்கள் மூடியிருக்கும். அன்று மாலை நான் ரிபேய்ரா பக்கம் போய்விடுவேன். 1931 முதல் இருக்கும் ஐஸ்கிரீம் கடை அங்கே இருக்கிறது. சாக்லேட்டைக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். மங்காபா, கஜா, உம்பு என்று இந்த மண்ணின் பழங்களில் செய்தவை வரிசையாக இருக்கும். உம்புவின் புளிப்பு முதல் வாயிலேயே பிடித்துப்போகும். வாங்கிக்கொண்டு எதிரே வளைகுடாவை ஒட்டி நடந்தபடியே சாப்பிடலாம், உள்ளே இடம் கிடைப்பது அரிது.

பணம் கட்டுவதில் சிக்கல் இல்லை. தெருத்தட்டுகளில்கூட அட்டையும், மத்திய வங்கி 2020-ல் கொண்டுவந்த பிக்ஸ் என்ற உடனடிப் பணப்பரிமாற்ற முறையும் ஓடுகின்றன. உணவகச் சீட்டில் பத்து சதவீதச் சேவைத்தொகை சேர்ந்திருக்கும். கட்டாயமில்லை, என்றாலும் பரிமாறியவர்களுக்கு அது போய்ச்சேரும் இடங்களில் நான் மறுப்பதில்லை.

செப்டம்பர் இறுதியில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 27-ஆம் தேதி கோஸ்மே, தமியாவோ இரட்டைப் புனிதர்களின் நாள். நேர்த்திக்கடன் உள்ள வீடுகளில் பெரிய பானையில் கருரு சமைத்து, முதலில் ஏழு சிறுவர்களுக்குப் பரிமாறி, பிறகு வந்தவர் எல்லாருக்கும் கொடுப்பார்கள். அக்கம்பக்கத்தாரோ உடன் வேலை செய்பவரோ அழைத்தால் தயங்காமல் போங்கள். நான் சாப்பிட்ட நல்ல கருருக்கள் பெரும்பாலும் அந்த வீடுகளில்தான் கிடைத்தன. காலையில் எதையும் சாப்பிடாமல் போக வேண்டும், ஒரு தட்டோடு உங்களை எழவிடமாட்டார்கள்.