கிராண்ட் பேங்க்ஸ் 32: பழைய படகு வாங்கப் போனால் முதலில் மேல்தளத்தைப் பாருங்கள்

பழைய மோட்டார் க்ரூஸர் ஒன்று வாங்கலாம் என்று விசாரிக்க ஆரம்பித்தால், சுற்றிச் சுற்றி இந்தப் படகில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கும். அமெரிக்கன் மரைன் நிறுவனம் 1965-இல் ஹாங்காங்கில் தொடங்கி, பிறகு சிங்கப்பூரிலும் கட்டிய படகு. முப்பது ஆண்டுகளில் 800-க்கும் மேல் தண்ணீரில் இறங்கியிருக்கிறது. நீளம் 32 அடி, அகலம் பதினொன்றரை அடி, நீருக்குள் நிற்கும் ஆழம் மூன்றே முக்கால் அடி, எடை ஏழரை டன்னுக்குச் சற்று மேல். பெரும்பாலானவற்றில் 120 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை ஃபோர்டு லேமன் டீசல் இன்ஜின்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம்: நல்ல படகு. ஹல்லும் (படகின் உடற்கூடு) இன்ஜினும் வாங்குபவரின் ஆயுளுக்கும் தாங்கும். இதைக் கெடுப்பது அடியில் இருக்கும் கடல்நீர் அல்ல, மேலிருந்து இறங்கும் மழைநீர். விற்பனைப் படங்களில் கண்ணைப் பறிக்கிற தேக்குத் தளம்தான் அந்த மழைநீருக்குக் கதவு திறந்துவிடுகிறது.

1973-க்கு முன் கட்டியவை மகோகனிப் பலகைப் படகுகள். மர வேலை தெரிந்த ஆள் கைவசம் இல்லாதவர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. உப்புநீர் மரத்தை ஓரளவு காக்கும். தேங்கிய மழைநீர் உளுக்க வைத்துவிடும். 1973 முதல் ஃபைபர்கிளாஸ். பலகைப் படகு போலத் தெரியட்டும் என்று அச்சிலேயே பலகைக் கோடுகளைப் போட்டிருப்பதால், தள்ளி நின்று பார்த்து இரண்டையும் பிரித்தறிவது கடினம். கட்டிய ஆண்டைக் காகிதத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். இனி சொல்வதெல்லாம் ஃபைபர் படகுகளைப் பற்றியது.

தேக்குப் பலகைகளை ஆயிரக்கணக்கான ஸ்க்ரூ போட்டு ஃபைபர் தளத்தின் மேல் இறுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையையும் ஒரு சிறிய தேக்கு வில்லை மூடியிருக்கும். புதிதில் தேக்கு ஏறக்குறைய அரை அங்குலக் கனம். நாற்பது வருடமாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பிரஷர் வாஷர் பீய்ச்சி, மரத்தின் மென்மையான பகுதி கரைந்து போய்விட்டது. மரம் மெலிந்தால் வில்லையும் மெலியும். ஒருநாள் கழன்று விழும். ஸ்க்ரூ தலை வெளியே தெரியும். அந்தத் துளை வழியாக நீர் இறங்கி, இரண்டு ஃபைபர் அடுக்குகளுக்கு நடுவே உள்ள ‘கோர்’ எனப்படும் உள்ளடுக்கை ஊற வைக்கும். காலில் தளம் லேசாக அமுங்குவது தெரிகிறபோது வேலை எப்போதோ கைமீறிப் போயிருக்கும்.

சோதிக்க ஒரு சிறிய பிளாஸ்டிக் சுத்தியல் போதும். கையளவுக்கு ஒரு தட்டு என்று நகர்ந்துகொண்டே போங்கள். நல்ல இடம் ‘டக்’ என்று கெட்டியாகச் சொல்லும். ஊறிய இடம் ‘தொப்’ என்று அடங்கும். நங்கூர விஞ்ச் அருகிலும், கைப்பிடிக் கம்பிகளின் கால்களிலும், டீசல் நிரப்பும் மூடியைச் சுற்றியும் இன்னும் நெருக்கமாகத் தட்டுங்கள். ஒலி மாறுகிற இடத்தைச் சாக்குக் கட்டியால் வட்டமிடுங்கள். அங்கங்கே சிறு வட்டங்கள் என்றால் பயப்பட வேண்டியதில்லை: வில்லையை எடுத்து, ஸ்க்ரூவைக் கழற்றி, துளையில் எபாக்ஸிப் பசை நிரப்பி, புது வில்லை அடித்துவிடலாம். பக்கத் தளம் முழுக்க ஒரே வட்டமாக வந்தால் கதை வேறு. தேக்கைப் பெயர்த்து, மேல் ஃபைபரை அறுத்து, அழுகிய உள்ளடுக்கைச் சுரண்டி எடுத்து, காய வைத்து, புதிது ஒட்டி மூட வேண்டும். பொருளுக்கு ஆகும் செலவைவிடக் கூலி பல மடங்கு ஆகும்.

தேக்கை ஏற்கெனவே எடுத்துவிட்டு வழுக்காத பெயின்ட் அடித்த படகு கிடைத்தால், அதற்கே முதலிடம் கொடுக்கலாம். படத்தில் அழகு குறைவாகத் தெரியும். ஆனால் பெரிய தலைவலி ஒன்றை முந்தைய உரிமையாளர் தீர்த்து வைத்திருக்கிறார். செய்த வேலைக்கு ரசீதும் படங்களும் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது ஜன்னல்கள். கண்ணாடிகள் மரத் தடங்களில் நகர்பவை. தடத்தின் அடியில் நீர் வடியச் சிறு துளைகள் உண்டு. குப்பை அடைத்தால் நீர் உள்பக்கம் வழியும். உள்ளே போய் இருக்கை மெத்தைகளைத் தூக்கிவிட்டு, ஜன்னல் மூலைக்குக் கீழே உள்ள மரப் பலகையைப் பாருங்கள். கறுத்த தீற்றல் இருந்தால் கட்டைவிரலால் அழுத்துங்கள். விரல் உள்ளே போனால், அந்த ஜன்னலைச் சட்டத்தோடு கழற்றி வேலை செய்ய வேண்டியிருக்கும்.

டீசல் டாங்குகளும் இதே மழைநீருக்குப் பலியாகிறவைதான். இரும்புத் தகடு டாங்குகள், இன்ஜின் அறையின் இரு பக்கமும் இருக்கும். நிரப்பும் மூடியைச் சுற்றிய சீலன்ட் காய்ந்து போனால், தளத்து நீர் ஹோஸின் வெளிப்புறமாக வழிந்து டாங்கின் தலையில் குட்டைபோல நிற்கும். ஆகவே துரு மேலிருந்து கீழே வரும். டாங்கின் பக்கங்கள் பளபளவென்று இருப்பதைப் பார்த்து நம்பிவிடாதீர்கள். டார்ச்சும், கம்பியில் கட்டிய சிறு கண்ணாடியும் எடுத்துக்கொண்டு போய், நிரப்பும் ஹோஸ் சேரும் இடத்தை மேலிருந்து பாருங்கள். கண்ணாடி எட்டாவிட்டால் போன் கேமராவை நீட்டுங்கள். துரு செதில் செதிலாக உரிந்தால் டாங்கின் நாட்கள் எண்ணப்படுகின்றன. டாங்கை மாற்றுவது என்றால் பெரும்பாலும் உள்ளேயே துண்டு துண்டாக அறுத்து எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜினைத் தூக்க வேண்டும்.

இன்ஜின் விஷயத்தில் மனதுக்கு நிம்மதி. ஆறு சிலிண்டர், 380 கன அங்குலம், டர்போ கிடையாது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்ட லேமன் 8,000, 10,000 மணி நேரம் ஓடுவது சாதாரணம். மீட்டரில் குறைந்த மணி நேரம் காட்டும் நாற்பது வயது இன்ஜினைக் கண்டால்தான் யோசிக்க வேண்டும். ஓடாமல் நின்ற டீசல் உள்ளே துருப்பிடிக்கும்.

இந்த இன்ஜினுக்கென்று ஒரு தனிப் பழக்கம் உண்டு. சிம்ஸ் இன்ஜெக்‌ஷன் பம்புக்கு (டீசலை இன்ஜினுக்குள் பீய்ச்சுவது) இன்ஜினோடு சேராத சொந்த ஆயில் அறை இருக்கிறது. டீசல் மெல்லக் கசிந்து அந்த ஆயிலை நீர்க்கச் செய்யும் என்பதால் 50 மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்கள். பராமரிப்பு நோட்டில் இந்த வரி அடிக்கடி வருகிறதா என்று பாருங்கள். வந்தால் உரிமையாளர் மற்றதையும் அக்கறையாகப் பார்த்திருப்பார் என்று நம்பலாம். “அப்படி ஒன்று இருக்கிறதா?” என்று விற்பவர் திருப்பிக் கேட்டால் விலையைக் குறைத்துப் பேச வேண்டியதுதான்.

ஓட்டிப் பார்க்கும் நாளில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் இன்ஜின் பிளாக்கைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் சோதனையை வேறு நாளுக்குத் தள்ளுங்கள். குளிர்ந்த நிலையில் எப்படிப் பற்றுகிறது என்பதே முக்கியமான தகவல். தொடக்கத்தில் கொஞ்சம் புகை வருவது இயல்பு. சூடான பிறகும் நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. பத்து நிமிடம் முழு வேகத்தில் ஓட்டச் சொல்லுங்கள். இன்ஜின் நிமிடத்துக்கு 2,500 சுற்றை நெருங்க வேண்டும். எட்டவில்லை என்றால் ஹல்லில் சிப்பி ஒட்டியிருக்கலாம், புரொப்பெல்லர் பொருந்தாததாக இருக்கலாம், இன்ஜின் தளர்ந்திருக்கலாம். வெப்பமுள் ஓரிடத்தில் நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கடல்நீரால் இன்ஜினைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சர் அடைத்திருக்கலாம். ஆயில் கூலர்களின் குழாயில் ஊசித்துளை விழுந்தால் கடல்நீர் ஆயிலில் கலக்கும். சிவப்பு ஆயில் ஊற்றும் கியர்பாக்ஸில் குச்சியை உருவிப் பார்த்து, பால் கலந்த ரோஸ் நிறம் வந்தால் நீர் புகுந்துவிட்டது. இன்ஜின் ஆயில், கியர் ஆயில் இரண்டிலும் மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். சோடியம் தென்பட்டால் கடல்நீர் புகுந்திருக்கலாம்.

ஓட்டத்தில் வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். நீர்க்கோட்டில் முப்பது அடியும் முக்காலும் நீளமுள்ள ஹல்லுக்கு இயல்பான உச்சம் ஏறக்குறைய 7.4 நாட் (மணிக்குச் சுமார் 13.7 கி.மீ.). 1,700 சுற்றில் ஆறரை, ஏழு நாட் வேகத்தில் மணிக்குச் சுமார் 7 லிட்டர் டீசலில் போகும். அதற்கு மேல் முடுக்கினால் பின்னால் அலைதான் பெரிதாகும். பக்கவாட்டு அலையில் நன்றாகவே ஆடும். ஆட்டமும் வெடுக்கென்று இருக்கும். அடியில் நீளவாக்கில் ஓடும் ஆழமான கீல் புரொப்பெல்லரையும் சுக்கானையும் காப்பதால், மிதக்கும் கட்டை தட்டினால்கூடப் பெரும்பாலும் சேதமில்லாமல் தப்பும்.

கரையேற்றிப் பார்க்காமல் வாங்கவே வேண்டாம். படகைச் சோதித்து அறிக்கை தரும் சுதந்திரமான சர்வேயரை நீங்களே அமர்த்துங்கள். விற்பவர் சொன்ன ஆள் வேண்டாம். பெயின்டை அங்கங்கே சுரண்டி ஈரம் அளக்கட்டும், கொப்புளங்களை எண்ணட்டும். நீங்கள் புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கடகடவென்று ஆடினால் பேரிங் தேய்ந்திருக்கிறது. நீர்க்கோட்டுக்குக் கீழே உள்ள ஒவ்வொரு வால்வையும் திருகுங்கள். அசையாத வால்வு, ஹோஸ் வெடிக்கும் நாளில் உதவாது. சர்வேயும் ஓட்டச் சோதனையும் திருப்தியாக இருந்தால் மட்டுமே வாங்குவேன் என்ற நிபந்தனையை, முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.

விலை படிந்து படகு கைக்கு வந்தாலும், அந்த விலையில் கால் பங்கு அளவாவது தனியாக வைத்திருங்கள். முதல் வாரத்தில் மாற்ற வேண்டியவை: இம்பெல்லர் (குளிர்விக்கும் நீர்ப் பம்பின் ரப்பர் சக்கரம்), பெல்ட், வயது தெரியாத ஹோஸ்கள், சிம்ஸ் பம்பின் ஆயில், ஹீட் எக்ஸ்சேஞ்சரின் துத்தநாகக் குச்சி. தேக்கு இருந்தால் கடல்நீரும் மென்மையான பிரஷ்ஷும் மட்டும் போதும். மரத்தின் ரேகைக்குக் குறுக்காகத் தேய்க்க வேண்டும், ரேகையோடு அல்ல. பிரஷர் வாஷரைத் தளத்தின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.