ரயில்வே கேட்டில் ஆம்புலன்ஸ்: ரயிலை நிறுத்துவதா, கேட்டைத் திறந்து வைப்பதா, பாலம் கட்டுவதா?

மூடிய ரயில்வே கேட்டின் முன்னால் சைரன் அலற ஆம்புலன்ஸ் நிற்கும் வீடியோ ஒன்று வெளியானால் போதும், "ஒரு உயிருக்காக ரயிலை ரெண்டு நிமிஷம் நிறுத்தக் கூடாதா?" என்று கேட்காதவர் இல்லை. நியாயமான கேள்வி. இதயத்துடிப்பு நின்றுபோனவருக்கு முதலுதவியே கிடைக்காவிட்டால், கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 சதவீதம் கரைந்துவிடும். பிரசவ வலியில் துடிக்கும் பெண்ணுக்கும், விபத்தில் ரத்தம் போய்க்கொண்டிருப்பவருக்கும் கேட்டில் கழியும் எட்டு நிமிடம் சாதாரணமானதில்லை.

"ரயிலையெல்லாம் அப்படி நிறுத்த முடியாது" என்று ஒரே வரியில் வாயை அடைப்பவர்களும் உண்டு. அதுவும் பாதி உண்மைதான். ரோட்டில் போகும் வண்டிகளுக்காக ரயில் நிற்கும் ஏற்பாடு இந்திய ரயில்வேயில் ஏற்கெனவே இருக்கிறது. நாம் அதை எந்தக் கட்டத்தில் கேட்கிறோம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அந்தக் கண்ணோடு ஒவ்வொரு வழியையும் எடைபோட்டுப் பார்க்கலாம்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019 திருத்தத்தின்போது சேர்ந்த 194இ பிரிவின்படி, ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். ஆனால் தண்டவாளத்தில் ஓடும் வண்டி 'மோட்டார் வாகனம்' ஆகாது என்று அதே சட்டம் தன் வரையறையிலேயே சொல்லிவிடுகிறது. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 160ஆம் பிரிவோ, மூடிய கேட்டை அதிகாரம் இல்லாதவர் திறந்தால் 3 ஆண்டு வரை, உடைத்தால் 5 ஆண்டு வரை சிறை என்கிறது. ஆக, வண்டிக்குள் நோயாளி உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தாலும் சட்டம் ரயிலின் பக்கம்தான் நிற்கிறது.

ஓடிவரும் ரயிலை நிறுத்துவது

எல்லோர் மனதிலும் முதலில் தோன்றும் வழி இது. என் பட்டியலில் இதற்குக் கடைசி இடம்.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் ரயில் ஒரு விநாடிக்கு 28 மீட்டர் கடக்கிறது. 24 பெட்டிகளும் இன்ஜினும் சேர்ந்தால் எடை ஆயிரம் டன்னைத் தாண்டும். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரம் உருளும்போது உராய்வு குறைவு. அதனால்தான் அத்தனை எடையை ஓர் இன்ஜினால் இழுக்க முடிகிறது. அதே காரணத்தால்தான் பிரேக் போட்ட பிறகும் அது வெகுதூரம் ஓடி நிற்கிறது. நிற்க வேண்டிய சிக்னலுக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே, லோகோ பைலட்டை எச்சரிக்கும் 'டிஸ்டன்ட்' சிக்னலை நட்டு வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஆம்புலன்ஸ் வந்து நிற்கும்போது கேட் மூடியிருக்கிறது என்றால், பெரும்பாலும் ரயிலுக்குப் பச்சை விழுந்தாகிவிட்டது என்று பொருள். இன்டர்லாக்கிங் உள்ள கேட்டில், அதாவது கேட்டின் பூட்டும் ரயில் சிக்னலும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்ட கேட்டில், கேட் கீப்பர் நினைத்தால் அந்தச் சிக்னலை மீண்டும் சிவப்புக்கு மாற்றலாம். ஆனாலும் கேட்டின் பூட்டு உடனே விடாது. ரயில் ஏற்கெனவே எச்சரிக்கை சிக்னலைத் தாண்டி வந்திருக்கலாம் என்பதால், குறிப்பிட்ட நேரம் கழிந்த பிறகே பூட்டு கழலும்படி செய்திருக்கிறார்கள். அதற்குள் பல நேரங்களில் ரயிலே கடந்து போயிருக்கும். இரட்டைப் பாதை என்றால் ஆபத்து இன்னும் கூடும். ஒரு பாதையில் ரயில் நிற்பதைப் பார்த்துவிட்டு மக்கள் குறுக்கே நடக்கத் தொடங்குவார்கள். அடுத்த பாதையில் வருவதைக் கவனிக்க மாட்டார்கள். நோயாளிக்கு அரை நிமிடம் மிச்சமாகலாம், அதற்காக நூறு பேர் ஆபத்தில் நிற்க வேண்டும். இதை நான் ஏற்க மாட்டேன்.

ஒரே ஒரு நிலையில் இந்த வழி பொருந்தும்: ரயில் ஏற்கெனவே கேட்டை மறித்து நின்றுகொண்டிருக்கும்போது. அமெரிக்காவில் பெரிய தலைவலியே இதுதான். அங்கே சரக்கு ரயில்கள் மூன்று கிலோமீட்டர் நீளம் வரை போகும். நின்றால் ஊரையே இரண்டாகப் பிரித்துவிடும். எவ்வளவு நேரம் மறிக்கலாம் என்று நாடு முழுமைக்குமான சட்டம் அங்கே கிடையாது. 5 நிமிடத்துக்கு மேல் மறிக்கக் கூடாது என்று ஒஹாயோ மாநிலம் வைத்திருந்த சட்டம் செல்லாது என அம்மாநில உச்ச நீதிமன்றமே 2022ல் தீர்ப்பளித்தது. அதை எதிர்த்த மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ள நாட்டின் உச்ச நீதிமன்றம் 2024 ஜனவரியில் மறுத்துவிட்டது. நெருக்கடி வரும்போது பெட்டிகளின் இணைப்பைக் கழற்றி, ரயிலைப் பிரித்து, நடுவில் வழிவிடச் செய்யலாம். ஆனால் கழற்றவும், நகர்த்தவும், மறுபடி மாட்டி பிரேக்கைச் சோதிக்கவும் நேரம் பிடிக்கும்.

கேட்டை மூடாமல் வைத்திருப்பது

வெளியில் அதிகம் பேசப்படாத வழி இது. எனக்கு இதன் மேல்தான் நம்பிக்கை.

இன்டர்லாக்கிங் உள்ள கேட்டில், கேட் மூடிப் பூட்டப்பட்டால்தான் ரயிலுக்கான சிக்னல் பச்சைக்கு வரும். வண்டிகள் நெருக்கியடித்து நின்று கேட்டை இறக்க முடியாமல் போனால், சிக்னல் சிவப்பிலேயே இருக்கும். ரயில் வந்து வெளியே காத்துக்கிடக்கும். கறுப்பு 'ஜி' எழுதிய மஞ்சள் வட்டப் பலகை உள்ள கேட் சிக்னல் சிவப்பில் இருந்தால், லோகோ பைலட் விசில் கொடுத்து நின்று, பகலில் ஒரு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம் காத்திருந்து, பிறகு மெதுவாகக் கேட் வரை வந்து, கேட் கீப்பர் கை சைகை காட்டினால் கடந்து போக வேண்டும் என்பது விதி. ரோட்டில் நெரிசல் என்பதற்காக ரயில் காத்திருக்கும்போது, ஆம்புலன்ஸுக்காகக் காத்திருக்க வைக்க முடியாதா? முடியும். கேட் மூடுவதற்கு முன்பே தகவல் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

எப்படிச் செய்யலாம்? 108 கட்டுப்பாட்டு அறைக்கு ஆம்புலன்ஸ் எங்கே இருக்கிறது, எந்த ஆஸ்பத்திரிக்குப் போகிறது என்பது தெரியும். ஒவ்வொரு லெவல் கிராசிங்குக்கும் ஓர் எண் உண்டு. வழியில் எந்த எண் கேட் வருகிறது என்று கண்டுபிடித்து, பத்து நிமிடம் முன்னதாக ஸ்டேஷன் மாஸ்டருக்குச் சொன்னால், ரயிலை அவர் முந்தைய ஸ்டேஷன் பிளாட்பாரத்திலேயே இரண்டு மூன்று நிமிடம் நிறுத்தி வைக்கலாம். நடுவழியில் அவசர பிரேக் தேவையில்லை. பயணிகளுக்கு இழப்பு மூன்று நிமிடம். அந்த ரயிலில் இருக்கும் யாரும் இதற்கு முகம் சுளிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

இதில் ஒரு கோட்டை மட்டும் அழுத்தமாகப் போட வேண்டும். கோரிக்கை ஸ்டேஷன் மாஸ்டர் வழியாக மட்டுமே போக வேண்டும். மூடிய கேட்டைத் திறக்கச் சொல்லி கேட் கீப்பரிடம் யாரும் கேட்கவே கூடாது. 2025 ஜூலை 8 அன்று கடலூர் மாவட்டம் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன் மீது விழுப்புரம்–மயிலாடுதுறை பாசஞ்சர் மோதி 3 பிள்ளைகள் இறந்தார்கள். அந்த கேட்டுக்கு இன்டர்லாக்கிங் கிடையாது. அப்படிப்பட்ட கேட் திறந்திருக்கிறதா, மூடியிருக்கிறதா என்பது சிக்னலில் தெரியாது. கேட் மூடியாகிவிட்டது என்பதை உறுதிசெய்ய ஸ்டேஷன் மாஸ்டரும் கேட் கீப்பரும் போனில் பரிமாறிக்கொள்ளும் 'பிரைவேட் நம்பர்' ஒன்றுதான் பாதுகாப்பு. அங்கே கேட் கீப்பரிடம் "அண்ணே, ஒரு நிமிஷம் திறங்க" என்று கெஞ்சுவது அவரையும் நம்மையும் சேர்த்துக் குழியில் தள்ளுவது. எனவே இன்டர்லாக்கிங் வந்த கேட்டுகளில்தான் இந்த வழியைத் தொடங்க வேண்டும்.

செம்மங்குப்பத்துக்குப் பிறகு, இன்டர்லாக்கிங் கட்டாயமாகும் வரம்பை ரயில்வே 20,000 டி.வி.யு.விலிருந்து (கேட்டைக் கடக்கும் ரயில், சாலைப் போக்குவரத்தின் அளவு) 10,000 ஆகக் குறைத்தது. விபத்தைத் தடுக்க எடுத்த முடிவு அது. ஆனால் இன்னும் பல கேட்டுகளில் ஆம்புலன்ஸுக்கான வாசலையும் சேர்த்தே திறந்து வைத்திருக்கிறது.

வெளிநாட்டில் இதற்கு முன்மாதிரி உண்டா என்றால், ஜப்பானைச் சொல்லலாம். 2018 ஜூன் 18 அன்று ஒசாகாவின் வடபகுதியில் நிலநடுக்கம் வந்தபோது ரயில்கள் நின்றுபோயின. கேட்டுகள் மூடியபடியே கிடந்து அவசர வண்டிகள் திண்டாடின. 2021ல் சட்டத்தைத் திருத்தி, பேரிடர் நேரத்தில் எந்தெந்த கேட்டுகளை முதலில் திறக்க வேண்டும் என்று முன்கூட்டியே குறித்து, அதற்கான நடைமுறையை ரயில் நிறுவனமும் சாலைத் துறையும் எழுதி வைக்கும்படி செய்தார்கள். நமக்குத் தேவையான பாடம் அந்த "முன்கூட்டியே எழுதி வைப்பது"தான்.

மூடும் நேரத்தைக் குறைப்பது

பிரிட்டனில் தானியங்கி அரைத் தடுப்பு கேட்டுகளில், ரயில் வருவதற்குக் குறைந்தது 27 விநாடி முன்னால் எச்சரிக்கை தொடங்கும். அமெரிக்காவில் குறைந்தபட்சம் 20 விநாடி. ரயில் நிற்பதே இல்லை. ஆம்புலன்ஸும் ஒரு நிமிடத்துக்கு மேல் நிற்க வேண்டியிருக்காது. காகிதத்தில் பார்த்தால் இதுவே சிறந்த வழி.

நம் சாலைகளுக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அரைத் தடுப்பு என்றால் சாலையின் ஒரு பாதி திறந்தே இருக்கும். வளைந்து நெளிந்து புகுந்துவிடுவார்கள். தண்டவாளத்தின் மேலேயே வண்டிகள் தேங்கி நிற்கும் ஊர்களில் 27 விநாடி எதற்குப் போதும்? பிரிட்டனே இதற்கு விலை கொடுத்திருக்கிறது. 1968 ஜனவரி 6 அன்று ஹிக்ஸன் என்ற இடத்தில், 120 டன் டிரான்ஸ்ஃபார்மரை ஏற்றிக்கொண்டு ஊர்ந்துபோன வண்டி மீது எக்ஸ்பிரஸ் மோதி 11 பேர் இறந்தார்கள். அன்றைய எச்சரிக்கை நேரம் 24 விநாடி. போலீஸ் கார் துணைக்கு வந்திருந்தும், சிக்னல் அறைக்கு யாரும் போன் செய்யவில்லை. முன்கூட்டிச் சொல்லும் வழக்கம் இல்லாவிட்டால் எந்திரம் மட்டும் காப்பாற்றாது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

மேம்பாலமும் சுரங்கப்பாதையும்

நிரந்தரத் தீர்வு இதுதான், மறுப்பே இல்லை. கேட்டே இல்லையென்றால் காத்திருப்பும் இல்லை. ஆனால் எந்த கேட்டுக்கு முதலில் பாலம் என்பதை முடிவு செய்யும் கணக்கில்தான் எனக்குச் சண்டை.

அந்தக் கணக்கின் பெயர் டி.வி.யு. ஒரு நாளில் கடக்கும் ரயில்களின் எண்ணிக்கையை, கடக்கும் சாலை வண்டிகளின் அலகால் பெருக்க வேண்டும். அது ஒரு லட்சத்தைத் தொட்டால், ரயில்வேயும் மாநில அரசும் செலவைப் பாதிப் பாதியாகப் பகிர்ந்து பாலம் கட்டலாம். இந்தப் பெருக்கலில் ஆம்புலன்ஸும் ஒரு மோட்டார் வண்டி, கல்யாண வீட்டுக்குப் போகும் காரும் ஒரு மோட்டார் வண்டி. கேட்டுக்கு அந்தப் பக்கம் அரசு ஆஸ்பத்திரி இருக்கிறதா, அந்த ஊருக்கு வேறு வழி இருக்கிறதா என்று கணக்கு கேட்பதில்லை. நாற்பதாயிரம் டி.வி.யு. உள்ள ஒரு கேட், ஒரே ஆஸ்பத்திரியிலிருந்து இருபது கிராமத்தைப் பிரிக்கலாம். ஆனாலும் பட்டியலில் அது கீழேதான் கிடக்கும்.

முடிவு எடுத்த பிறகும் இழுபறிதான். தண்டவாளத்துக்கு மேலே ரயில்வே கட்டிய பகுதி அந்தரத்தில் நிற்க, நிலம் கையகப்படுத்தாததால் இருபுறமும் அணுகுசாலை வராத பாலங்களைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் யார்?

சுரங்கப்பாதை செலவு குறைவு, சீக்கிரமும் முடியும். அகல ரயில்பாதையில் ஆளில்லா லெவல் கிராசிங்குகள் 2019 ஜனவரி இறுதிக்குள் ஒழிக்கப்பட்டபோது, பல இடங்களில் வந்தது இதுதான். மழை பெய்தால் அதுவே மூடிய கேட்டைவிட மோசம். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூர் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் சிக்கி, ஒரு பெண் உயிரிழந்தார். கேட் என்றால் எட்டு நிமிடத்தில் திறந்துவிடும். நீர் நிறைந்த சுரங்கப்பாதை எப்போது திறக்கும்? ஐப்பசி, கார்த்திகையில் ஆம்புலன்ஸ் சுற்றிப் போக வேறு வழி இல்லாத ஊரில், தானாக இயங்கும் மோட்டார் பம்பும் வடிகாலும் இல்லாமல் சுரங்கப்பாதையை ஏற்கவே கூடாது. தீயணைப்பு வண்டி நுழையும் உயரம் இருக்கிறதா என்பதையும் கட்டும் முன்பே அளந்துகொள்ள வேண்டும்.

இருபுறமும் வண்டி

2008 செப்டம்பர் 15 முதல் ஓடும் 108 சேவைக்கு உடனே கைகூடும் வழி, கேட்டின் இரு பக்கத்திலும் ஆம்புலன்ஸ் நிறுத்துமிடம் வைப்பது. நோயாளி எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து வண்டி போகும், முதலுதவி தாமதமாகாது. ஆஸ்பத்திரிக்குப் போக மட்டும் கேட்டைக் கடந்தாக வேண்டும். அவசரத்தில் ஸ்ட்ரெச்சரோடு தண்டவாளம் தாண்டி மறுபக்க வண்டிக்கு மாற்றுகிறார்கள். மனிதாபிமானத்தோடு செய்வதுதான் என்றாலும், ரயில் வரும் நேரத்தில் அதை ஒரு திட்டமாக வைத்துக்கொள்ள முடியாது.

உங்கள் ஊர் கேட்டுக்கு என்ன கேட்கலாம்? கேட் சிக்னல் இருந்தால், அந்த கேட்டின் எண்ணையும், அதைக் கவனிக்கும் ஸ்டேஷனின் அவசரத் தொலைபேசி எண்ணையும் 108 கட்டுப்பாட்டு அறையில் பதியச் சொல்லி மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுங்கள். சாலைப் பாதுகாப்புக் குழு அவர் தலைமையில்தான் கூடுகிறது. கேட் சிக்னல் இல்லையென்றால் முதலில் இன்டர்லாக்கிங் கேளுங்கள். பாலத்துக்கு மனு எழுதும்போது டி.வி.யு.வோடு நிறுத்தாதீர்கள். அந்த கேட்டைத் தாண்டி மாதம் எத்தனை 108 வண்டிகள் போகின்றன, அவை எத்தனை நிமிடம் நின்றன என்ற விவரத்தைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாங்கி, மனுவோடு இணைத்துக் கொடுங்கள்.