எண்ணும் எழுத்தும், எண்ணும் நிறமும்

சிங்கப்பூரின் தேக்கா சந்தையை ஒரே சுற்றில் வலம்வந்து மீன், கீரை, தேங்காய் வாங்கி, மீதிக் காசையும் சரிபார்த்து வருபவர் என் பெரியம்மா. மூளைத்திறன் சோதனைக்குப் போனவர், "எஃப்புக்கு அடுத்தது வரவே இல்லையப்பா" என்று வாடிய முகத்துடன் திரும்பினார். அவர் படித்தது தமிழ்வழிப் பள்ளியில்.

அவருக்குக் கொடுத்தது டிரெயில் மேக்கிங் என்ற தாள்-பென்சில் சோதனை. 1944இல் அமெரிக்க ராணுவத்தின் சோதனைத் தொகுப்பில் இருந்தது. முதல் தாளில் சிதறிக் கிடக்கும் எண்களை 1 முதல் 25 வரை வரிசையாகக் கோடு இழுத்து இணைக்க வேண்டும். இரண்டாம் தாளில் 1, ஏ, 2, பி என்று மாறிமாறிப் போக வேண்டும். இரண்டாவதற்கு ஆன நேரத்தில் முதலாவதைக் கழித்தால், மனம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ ஆகும் நேரம் மிஞ்சும். அழகான கணக்குதான். ஆனால் ஆங்கில எழுத்து வரிசையும் எண்ணைப் போலவே நாவில் ஓடும் என்று அது நம்பிக்கொள்கிறது. ஓடாதவருக்கு, எழுத்தைத் தேடிய நேரமும் தாவும் நேரத்தில் சேர்ந்துவிடும்.

அந்தத் தாளில் எழுத்து ஏ முதல் எல் வரை, மொத்தம் 12. நம் உயிரெழுத்தும் 12! 1, அ, 2, ஆ என்று மாற்றிவிடலாமே என்று எனக்கும் ஆசை வந்தது. ஆனால் எ-ஏ, ஒ-ஓ கண்ணைக் குழப்பும். ஆங்கிலத் தாளுக்கு வகுத்த சராசரி நேரங்களும் அதற்குப் பொருந்தா.

1996இல் வெளியான கலர் டிரெயில்ஸ் என்ற சோதனையில் எழுத்தே கிடையாது. இளஞ்சிவப்பு 1, மஞ்சள் 2, இளஞ்சிவப்பு 3 என்று போக வேண்டும். வேறு நிறத்திலும் அதே எண் காத்திருக்கும். கை அங்கே போகாமல் அடக்க வேண்டும். மனத்தில் பிடித்துவைக்க இரண்டு வரிசைகள் இல்லாததால் இதை அதன் நேர் மாற்று என்று சொல்லமாட்டேன். பெரியம்மாவுக்கு என்றால் இதைத்தான் கேட்பேன்.

இரண்டுமே தாள்தான். 1991இல் ஷாலிஸ், பர்ஜெஸ் என்ற இரு மூளைத்திறன் ஆய்வாளர்கள் மூளையின் முன்பகுதியில் அடிபட்டவர்களைக் கடைத்தெருவுக்கே அனுப்பினார்கள். சில பொருள்கள் வாங்க வேண்டும், குறித்த நேரத்தில் ஓரிடத்தில் நிற்க வேண்டும், எதுவும் வாங்காமல் எந்தக் கடைக்குள்ளும் நுழையக்கூடாது. மேசைச் சோதனைகளில் நன்றாகச் செய்தவர்களும் தெருவில் தடுமாறினார்கள். திட்டமிடும் திறன் வெளிப்படுவது இங்கேதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை தேக்காவும் செவ்வாய்க்கிழமை தேக்காவும் ஒன்றா? கூட்டம் மாறினால் மதிப்பெண்ணும் மாறும். உடன்வந்து குறிப்பெடுக்க ஓர் ஆளும் வேண்டும்.

அடுத்த முறை பெரியம்மாவுடன் நானும் போகிறேன். பென்சிலை அவர் கையில் கொடுப்பதற்கு முன்பே, எந்த மொழியில் படித்தவர் என்பதைச் சோதிப்பவரிடம் சொல்லிவிடுவேன். மூக்குக்கண்ணாடியை அவர் மறந்தாலும் நான் மறக்கமாட்டேன்.