யுவான் ஷிகாய் வெள்ளி டாலர்: காதில் வைப்பதா, தண்ணீரில் தொங்கவிடுவதா?

சீனக் குடியரசின் தொடக்ககால அதிபர் யுவான் ஷிகாயின் தலை பொறித்த, சீனாவில் ‘பெருந்தலை’ என்றே அழைக்கப்படும் இந்த வெள்ளி டாலருக்குப் போலிகள் ஏராளம். கண்டுபிடிக்கக் காந்தம், ஓசை, தண்ணீர் என மூன்று வழி உண்டு.

காந்தத்தில் ஒட்டினால் போலி. ஒட்டாவிட்டால் ஒன்றும் தெளிவாகாது, பித்தளையும்தான் ஒட்டாது.

ஓசைச் சோதனை பழங்காலத்துச் சீன வழக்கம். காசின் நடுவை இரு நகங்களுக்கிடையே பிடித்து, விளிம்பில் பலமாக ஊதிக் காதில் வைத்தால் வெள்ளி நீளமாக ரீங்கரிக்கும். சந்தையில் நின்றபடியே செய்யலாம், அது பெரிய வசதி. ஆனால் மயிரிழை விரிசலோ, நகையாக்கப் பற்றவைத்த தடமோ இருந்தால் அசலும் மந்தமாகத்தான் ஒலிக்கும். நல்ல காசைப் போலியென்று தள்ளிவிடுவது இங்கேதான்.

என் ஓட்டு தண்ணீருக்கே. 0.01 கிராம் காட்டும் தராசு வேண்டும். முதலில் உலர்ந்த காசை நிறுங்கள்: விதிப்படி 26.86 கிராம், புழங்கித் தேய்ந்தது சற்றுக் குறையும். பிறகு தண்ணீர்க் குவளையைத் தராசில் வைத்துப் பூஜ்ஜியமாக்கி, மெல்லிய தையல் நூலில் காசைக் கட்டி முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். அடியிலோ பக்கத்திலோ படக்கூடாது. பட்டால் எண் சட்டென ஏறிவிடும். இப்போது தெரிவது காசு விலக்கிய தண்ணீரின் எடை. முதல் எடையை இதால் வகுத்தால் அடர்த்தி.

ஆயிரத்துக்கு 890 பங்கு வெள்ளியும் மீதி செம்புமானால் விடை 10.3 வரும். 26.80 கிராம் காசு 2.60 காட்டும். அதே எடையில் செம்பு நிக்கல் கலவை 3.01, பித்தளை 3.15 அளவுக்குப் போகும். இவ்வளவு தெளிவான இடைவெளி காதுக்குக் கிடைக்காது.

இதிலும் ஒரு கண்ணி உண்டு. விளிம்புப் பற்களில் காற்றுக்குமிழ் ஒட்டினால் அடர்த்தி குறைவாக வரும், அசல் போலியாகத் தெரியும். கொதித்து ஆறிய நீரில் பாத்திர சோப்பு ஒரு துளி விட்டு, மென்தூரிகையால் குமிழைத் தட்டிவிட்டு மறுபடி பாருங்கள்.

சரியான வெள்ளியிலேயே செய்த போலியிடம் தண்ணீர் தோற்றுப்போகும். அப்போது தலைக்கு மேலுள்ள எழுத்துகளை எண்ணுங்கள்: சீனக் குடியரசின் மூன்றாம் ஆண்டுக் (1914) காசில் ஆறு; 8, 9, 10ஆம் ஆண்டுகளில் ‘செய்யப்பட்டது’ எனும் எழுத்து கடைசியில் சேர்ந்து ஏழு. எண்ணிக்கையும் ஒத்துப்போனால், 10 மடங்கு லென்ஸில் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். வார்ப்புக் குழிகளோ, பற்களைத் தேய்த்தழித்த அரத் தடமோ தென்பட்டால் வாங்காதீர்கள்.